லிங்க் கொடுத்தால் ஃபைல் கொடுத்ததாகுமா?

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். ஏற்காட்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு மலைக்கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் எங்கள் அறிவியல் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டீச்சர், போன வருஷம் நான் அனுப்பின கேள்வித் தொகுப்பைக் கொஞ்சம் திருப்பி அனுப்புங்க. என்கிட்ட இருந்ததை இடம் பத்தலன்னு ஏப்ரல் கடைசில அழிச்சிட்டேன். உங்க எல்லார்கிட்டயும்தான் இருக்கே" என்றார்.

வாட்ஸ்அப்பில் தேடினேன். அவர் அனுப்பியது அப்படியே இருந்தது, நீல நிறத்தில் ஒரே ஒரு வரியாக. தொட்டேன். நீங்கள் தேடும் கோப்பு இல்லை என்று திரையில் வந்தது. தமிழ் டீச்சரின் போனில் பார்த்தோம், தலைமை ஆசிரியரின் போனில் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே நீல வரி, அதே பதில்.

மூன்று வருட உழைப்பு அது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்விகள். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த செடியை வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று காப்பி இலையையும் மிளகுக் கொடியையும் கையால் வரைந்து, போட்டோ எடுத்துச் சேர்த்திருந்தார். "நாலு பேருக்கு அனுப்பினேனே, நாலு பேருக்கு அனுப்பினேனே" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கவனக்குறைவான மனிதர் இல்லை. நாலு பேருக்கு அனுப்பினால் நாலு பிரதி இருக்கும் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். "லிங்க் போட்டிருக்கேன்", "டிரைவ்ல இருக்கு", "ஆன்லைன்ல ஏத்திட்டேன்" என்று தினமும் பேசுகிறோம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் நமக்கு உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

ஜெராக்ஸும் நோட்டீஸ் போர்டும்

ஒரு அறிவிப்பைப் பிள்ளைகளிடம் சேர்க்க நமக்கு இரண்டு வழிகள் உண்டு. நாற்பது ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். இல்லையென்றால் ஒரே ஒரு தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, "போய்ப் பாருங்க" என்று சொல்லலாம்.

ஜெராக்ஸ் கொடுத்துவிட்டால் அது அவரவர் சொத்து. என் கையில் இருக்கும் மூலத்தாள் கிழிந்தாலும் பிள்ளைகள் கையில் நாற்பது இருக்கிறது. ஆனால் தேர்வுத் தேதியைத் தப்பாக எழுதியிருந்தேன் என்றால், நாற்பது பேரையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். நோட்டீஸ் போர்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு இடத்தில் தேதியை மாற்றினால், அடுத்து வந்து பார்க்கும் எல்லோருக்கும் சரியான தேதி தெரியும். அதே சமயம் அந்த ஒரு தாளை யாராவது கிழித்துவிட்டால் எல்லோருக்கும் போயிற்று.

வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்புவது ஜெராக்ஸ் கொடுப்பது மாதிரி. வாங்கியவர் அதைத் தொட்டு இறக்கிக்கொண்டால் அவர் போனுக்குள் ஒரு தனிப் பிரதி வந்துவிடும். நீங்கள் உங்களுடையதை அழித்தாலும் அவருடையது இருக்கும். இறக்கிக்கொண்டால் என்பது முக்கியம். கீழ்நோக்கிய அம்புக்குறி இன்னும் தெரிகிறது என்றால் பிரதி உங்கள் போனுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

லிங்க் அனுப்புவது "போய்ப் பாருங்க" என்று சொல்வது மாதிரி. லிங்க் என்பது ஒரு விலாசம், தமிழில் இணைப்பு. ஃபைல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்ற தகவல் மட்டும்தான் அதில் இருக்கிறது. விலாசத்தை நாலு பேருக்குக் கொடுத்தாலும் நாலாயிரம் பேருக்குக் கொடுத்தாலும் வீடு ஒன்றுதான்.

எங்கள் அறிவியல் சார் கொடுத்தது நாலு விலாசம். ஏப்ரலில் அவர் அழித்தது வீட்டை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பிடிஎஃப் அனுப்பினால் பிரதி போகிறது, லிங்க் அனுப்பினால் விலாசம் போகிறது. பிரதியைத் திருத்த முடியாது, ஆனால் அது வாங்கியவரிடம் தங்கும். விலாசத்தின் பின்னால் இருப்பதைத் திருத்தலாம், ஆனால் அது ஒன்றே ஒன்றுதான்.

மேகம் மேலே இல்லை

சரி, விலாசம் நம் போனில் இருக்கிறது. வீடு எங்கே இருக்கிறது?

"கிளவுட்ல இருக்கு" என்பார்கள். எங்கள் ஊரில் இந்தச் சொல் கூடுதலாகக் குழப்புகிறது. ஏற்காட்டில் மேகம் என்பது நிஜமாகவே வகுப்பறைக்குள் வந்துபோகும் ஒன்று. நவம்பரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கரும்பலகை நனைந்துவிடும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம், "டீச்சர், நம்ம படமெல்லாம் மேல பறக்குதா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பெரியவர்கள் பலர் மனதிலும் அது இருக்கிறது, வெளியே கேட்பதில்லை.

மேகம் என்ற பெயர் ஒரு படத்திலிருந்து வந்தது. தொலைபேசி, கம்ப்யூட்டர் வலையமைப்புகளை வரைபடமாகப் போட்ட பொறியாளர்கள், "இந்த இடத்துக்குள் என்ன நடக்கிறது என்று இப்போது பார்க்க வேண்டியதில்லை" என்று தோன்றிய பகுதியில் ஒரு மேகத்தை வரைந்துவிடுவார்கள். அந்தப் படம்தான் பிறகு பெயராக ஒட்டிக்கொண்டது. ஆகாயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உண்மையில் உங்கள் ஃபைல் தரையில்தான் இருக்கிறது, ஒரு கம்ப்யூட்டருக்குள். அந்தக் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதற்காகவே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான சர்வர்களை அடுக்கி, குளிரூட்டி, மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளும் கட்டடத்துக்கு டேட்டா சென்டர் என்று பெயர்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நடந்திருந்தால் கிடங்குகளைப் பார்த்திருப்பீர்கள். தன் வீட்டில் இடம் இல்லாத வியாபாரி மூட்டைகளைக் கிடங்கில் போட்டுவிட்டுச் சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். டேட்டா சென்டரும் ஒரு கிடங்குதான், லிங்க் அந்தச் சீட்டு. ஒரு வித்தியாசம் உண்டு. ஃபைலைப் பதிந்து வைக்கும் வட்டு பழுதானால் உங்கள் ஃபைல் போய்விடக் கூடாது என்று இந்தக் கிடங்குக்காரர்கள் ஒரே ஃபைலை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைத்திருப்பார்கள். அதனால் இயந்திரம் கெட்டு ஃபைல் தொலைவது அரிது. ஆனால் "அழி" என்று நீங்களே சொன்னால், எல்லா இடத்திலிருந்தும் சேர்த்துத்தான் அழிப்பார்கள். இயந்திரக் கோளாறிலிருந்து அந்தப் பாதுகாப்பு நம்மைக் காக்கும், நம் கையிலிருந்து காக்காது.

தொட்ட பிறகு என்ன நடக்கிறது

ஒரு லிங்க்கைத் தொட்டதும் உங்கள் போன் அந்த விலாசத்தைப் படிக்கிறது. விலாசத்தின் முதல் பகுதி எந்தக் கிடங்கு என்று சொல்கிறது, டாக்ஸ் டாட் கூகுள் டாட் காம் என்பது போல. அதற்கப்புறம் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான சரம் வருகிறதே, அது அந்தக் கிடங்குக்குள் எந்த மூட்டை என்று சொல்கிறது. யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது நீளமாக இருக்கும்.

போன் கேட்கும் கேள்வி பக்கத்து டவருக்குப் போய், அங்கிருந்து கண்ணாடி இழை கேபிள் வழியாக சர்வரைச் சேர்கிறது. அந்த இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால்தான் கிடங்கு கடல் தாண்டி இருந்தாலும் நமக்குப் பக்கத்து அறையில் இருப்பது போலத் தோன்றுகிறது. சர்வர் முதலில் "நீ யார்?" என்று கேட்கிறது. நீங்கள் போனில் ஏற்கனவே நுழைந்து வைத்திருக்கும் கணக்கின் பெயரை போன் சொல்கிறது. இவருக்குக் காட்டலாமா என்று சர்வர் தன் பட்டியலைப் பார்க்கிறது. காட்டலாம் என்றால் உள்ளே இருப்பதை அனுப்புகிறது, உங்கள் திரை வரைந்து காட்டுகிறது.

நீங்கள் பார்ப்பது அந்த நேரத்துக்கு வரவழைத்த ஒரு காட்சி. பக்கத்தை மூடினால் காட்சி போய்விடும், ஃபைல் கிடங்கிலேயே இருக்கும்.

அப்படியானால் சிக்னல் இல்லாத இடத்தில்? சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் உட்கார்ந்து மதிப்பெண் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டு வருவேன். சில வளைவுகளில் சிக்னல் அறுந்துவிடும். "ஆஃப்லைனில் கிடைக்கச் செய்" என்று முன்பே குறித்து வைத்த ஃபைலாக இருந்தால் போன் அதன் பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும். நான் அடிப்பதையெல்லாம் அதில் வாங்கி வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்பிவிடும். போனில் இருப்பதையும் சர்வரில் இருப்பதையும் இப்படி ஒன்றாக்குவதற்கு ஒத்திசைவு என்று பெயர். சிங்க் ஆகிறது என்கிறோமே, அதுதான். ஒத்திசைவு முடியும்வரை நான் எழுதியது என் போனில் மட்டும்தான் இருக்கிறது. மேலே இறங்கியதும் ஒரு தடவை ஃபைலைத் திறந்து, சேமிக்கப்பட்டது என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனைப் பையில் போடுவேன்.

அழித்தால் உடனே அழியாது, ஆனால் அழியும்

கூகுள் நடத்தும் கிடங்குக்கு கூகுள் டிரைவ் என்று பெயர். அதில் ஒரு ஃபைலை அழித்தால் அது முதலில் டிரைவின் குப்பைத்தொட்டிக்குப் போகும். அங்கே 30 நாள் இருக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். 30 நாள் கழிந்தால் தானாகவே நிரந்தரமாக நீங்கிவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே உண்டு. உரிமையாளர் குப்பைத்தொட்டியில் போட்ட பிறகும், நிரந்தரமாக நீங்கும்வரை, லிங்க் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்து பார்க்க முடியும். திறந்தவர் தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் முடியும். அதாவது இப்படி ஒன்றை ஏப்ரல் கடைசியில் அழித்திருந்தால் மே மாதம் முழுவதும் நேரம் இருக்கிறது. ஆனால் மே மாதத்தில் எந்த ஆசிரியர் போன வருடக் கேள்வித்தாளைத் திறந்து பார்க்கிறார்? கோடை விடுமுறையின் நீளமும் குப்பைத்தொட்டியின் ஆயுளும் கிட்டத்தட்ட ஒன்று என்பதை எல்லா ஆசிரியர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வருடக் கடைசியில், களைப்போடு, இடம் காலி செய்கிறேன் என்று எதையும் அழிக்காதீர்கள்.

பூட்டும் சாவியும்

நோட்டீஸ் போர்டுக்குத் திரும்ப வருவோம். சில பள்ளிகளில் அதற்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் இருக்கும். எல்லோரும் பார்க்கலாம், சாவி வைத்திருப்பவர் மட்டும் தாளை மாற்றலாம். ஆன்லைன் ஃபைலுக்கும் அப்படி ஒரு பூட்டு உண்டு. அதற்கு அனுமதி என்று பெயர். அந்த அனுமதிக்குள் இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் கேள்வி, யார் வரலாம்? பெயர் குறிப்பிட்ட ஆட்கள் மட்டுமா, அல்லது லிங்க் கையில் இருக்கிற எவருமா? இரண்டாவது கேள்வி, வந்தவர் என்ன செய்யலாம்? வியூவர் என்றால் பார்க்க மட்டும். கமென்டர் என்றால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். எடிட்டர் என்றால் உள்ளே இருப்பதையே மாற்றலாம், அழிக்கலாம்.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பருவத் தேர்வு முடிந்து, எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பெற்றோர் குழுவில் லிங்க்காகப் போட்டேன். லிங்க் உள்ள எவரும், எடிட்டர் என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்று மாலை பார்த்தபோது ஒரு பெண்ணின் கணக்கு மதிப்பெண் 38 என்பது 83 ஆகியிருந்தது. யார் மாற்றினார்கள் என்று நான் தேடவில்லை. வீட்டில் அந்த எண்ணைக் காட்டப் பயந்த ஒரு குழந்தையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

பழைய எண் எனக்கு எப்படிக் கிடைத்தது? இந்தக் கருவிகள் ஃபைலின் கடைசி வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. எந்த நேரத்தில் என்ன எழுதப்பட்டது, என்ன நீக்கப்பட்டது என்று ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துக்கொண்டே வருகின்றன, வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போல. அந்தக் குறிப்பு வரிசைக்கு வெர்ஷன் ஹிஸ்டரி என்று பெயர், பதிப்பு வரலாறு என்று சொல்லலாம். இரண்டு ஆசிரியர்கள் இரண்டு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுத முடிவதும் இதனால்தான். இருவரின் மாற்றங்களையும் சர்வர் வாங்கி, ஒழுங்குபடுத்தி, இருவருக்கும் திருப்பிச் சொல்கிறது. முந்தைய நாள் நிலையைத் தேர்ந்தெடுத்து மீட்டுக்கொண்டேன்.

எண் திரும்பிவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய தவறு அதற்கு முன்பே நடந்திருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் முப்பத்திரண்டு வீடுகளுக்குத் திறந்து காட்டியிருந்தேன். வியூவர் என்று பூட்டியிருந்தாலும் அது தவறுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த வீட்டுக்காரர் தன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்து வகுப்புக்கு வரும் குழந்தையின் முகத்தை நான் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு பெற்றோருக்கும் அவர் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் தனியாக அனுப்புகிறேன். அரை மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும்.

நீளமான சரத்தை யாரும் ஊகிக்க முடியாது என்று மேலே சொன்னேன். ஆனால் யாரும் அதை இன்னொருவருக்கு அனுப்பலாம். "லிங்க் உள்ள எவரும்" என்பதற்கு நான் அனுப்பிய ஆட்கள் என்று அர்த்தம் இல்லை. அவர்கள் யாருக்கெல்லாம் அனுப்புகிறார்களோ அவர்களும் சேர்த்தி.

உங்கள் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. உலாவியில் (பிரௌசரில்) இன்காக்னிட்டோ என்ற மறைமுகப் பக்கத்தைத் திறந்து உங்கள் லிங்க்கை அதில் ஒட்டுங்கள். அந்தப் பக்கத்தில் நீங்கள் யார் என்று சர்வருக்குத் தெரியாது, முன்பின் தெரியாத ஒருவராகத்தான் உங்களை நடத்தும். அங்கே என்ன தெரிகிறதோ அதுதான் ஊருக்கும் தெரியும்.

கூகுள் ஃபார்ம் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சொல்: கேள்வி தயாரிக்கும் பக்கத்துக்கு ஒரு விலாசம், பிள்ளைகள் பதில் எழுதும் பக்கத்துக்கு வேறொரு விலாசம். மேலே முகவரிப் பட்டியில் தெரிவது நீங்கள் தயாரிக்கும் பக்கத்தின் விலாசம். அதை அப்படியே எடுத்து அனுப்பாமல், பகிர்வதற்கென்று இருக்கும் பொத்தானை அழுத்தி வருவதையே அனுப்புங்கள்.

சுருக்கமாக: ஃபைல் சர்வரில் ஒரே விலாசத்தில் இருக்கிறது. யார் வரலாம், வந்தவர் என்ன செய்யலாம் என்ற இரண்டையும் உரிமையாளர் தீர்மானிக்கிறார். மாற்றங்கள் எல்லாம் குறித்துவைக்கப்படுகின்றன, அதனால் தவறான திருத்தத்தை மீட்கலாம். நிரந்தரமாக அழித்ததை மீட்க முடியாது.

கிடங்குச் சீட்டு யார் பெயரில்?

இப்போது உரிமையாளர் யார் என்பதற்கு வருவோம். நம் பள்ளிகளில் மிக அதிகமாகச் சிக்கல் வருவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

கணக்கு என்பது கிடங்குக்காரரின் பதிவேட்டில் உங்கள் பெயர். பெரும்பாலான பள்ளிகளில் யாரோ ஒரு ஆசிரியர், அவசரத்துக்கு, தன் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் தொடங்கிவிடுவார். பள்ளி ஆண்டுவிழாப் படங்கள், தேர்வுத்தாள்கள், பெற்றோர் தொடர்பு எண்கள் எல்லாம் அவர் பெயரில். கலந்தாய்வில் மாறுதல் கிடைத்து அவர் ஆத்தூர் பக்கம் போய்விடுவார். பள்ளியில் இருப்பவர்களிடம் லிங்க்குகள் இருக்கும், சாவி இருக்காது. போனை மாற்றி, எண்ணையும் மாற்றிவிட்டால் உள்ளே நுழைவதற்கான ஓடிபி எங்கேயோ போகும்.

சொந்தக் கணக்கிலேயே பள்ளி வேலையையும் வைப்பதில் இன்னொரு கஷ்டம் உண்டு. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி இடம். மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் புதிதாக ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. தங்கை கல்யாண வீடியோவை ஏற்றினால் பள்ளிக்கான இடம் நிறைகிறது. முழுவதும் நிறைந்துவிட்டால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். அப்புறம் இடம் காலி செய்ய உட்காருவோம், அவசரத்தில் வேண்டியதை அழிப்போம். எங்கள் அறிவியல் சார் செய்தது அதுதான்.

அதனால் வீட்டுக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கு ஒரு கணக்கு. பள்ளிக் கணக்கின் சாவி குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். மாறுதலாகிப் போகிறவர் போவதற்கு முன் தன் பெயரில் உள்ள ஃபைல்களின் உரிமையைப் பள்ளிக் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கலாம். பகிரும் இடத்திலேயே அதற்கு வழி இருக்கிறது, எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டால் மாறிவிடும். பொறுப்பு ஒப்படைக்கும்போது பீரோ சாவியையும் பதிவேடுகளையும் எண்ணி வாங்குகிறோம் அல்லவா? அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதும். கணக்கைத் தொடாமலும் விட்டுவிடக் கூடாது. 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது.

கிடங்கையே மூடினால்

ஆன்லைன் கருவி ஒன்று நன்றாக இருக்கிறது என்று அதிலேயே மூழ்கிவிடுவோம். ஆனால் அதை நடத்துகிறவர் நாளைக்கு மூடிவிடலாம். கரும்பலகை போலப் பலர் ஒன்றாக எழுதும் கூகுள் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் சிறு வீடியோவில் பதில் சொல்லும் ஃப்ளிப் என்ற தனித் தளத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் செப்டம்பரில் முடித்துக்கொண்டது. முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. அறிவிப்பைப் படித்தவர்கள் தங்கள் வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே புதிதாக ஒரு கருவியைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதன் அழகை அல்ல. வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பிடிஎஃப்பாகவோ எக்செல்லாகவோ இறக்கிக்கொள்ள முடிகிறதா? முடியாது என்றால் ஒரு நாள் பாடத்துக்குப் பயன்படுத்துவேன், ஒரு வருட வேலையை அதில் வைக்க மாட்டேன். கூகுளில் டேக்அவுட் என்று ஒரு வசதி உண்டு, கணக்கில் உள்ளதையெல்லாம் மொத்தமாக இறக்கித் தரும். பள்ளிக் கணக்குக்கு அதை ஏப்ரலில் ஒரு முறை செய்து, பென் டிரைவில் போட்டுத் தலைமை ஆசிரியர் பீரோவில் வைக்கிறோம்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் சதுரம்

கடைசியாக, நம் எல்லோர் கையிலும் தினமும் இருக்கும் ஒன்று. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடப்புத்தகங்களில் கருப்பு வெள்ளைக் கட்டங்களாக க்யூஆர் கோடு அச்சாகியிருக்கிறது. ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். வீடியோ அந்தச் சதுரத்துக்குள் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெற்றோரும் அப்படித்தான். ஒரு அம்மா, "சதுரம் கொஞ்சம் கிழிஞ்சிருச்சு டீச்சர், அதான் பாடம் ஓடல" என்றார்.

அதுவும் ஒரு விலாசம்தான். எழுத்தில் எழுதாமல் கட்டங்களில் எழுதியிருக்கிறார்கள். கேமரா கட்டங்களைப் படித்து எழுத்தாக்குகிறது, அதற்கப்புறம் நடப்பதெல்லாம் நாம் மேலே பார்த்ததுதான். கொஞ்சம் கிழிந்தாலோ கறை பட்டாலோ படிக்க முடியும்படி அதில் கூடுதல் தகவலும் சேர்த்திருப்பார்கள். அந்த அம்மா வீட்டில் பாடம் ஓடாததற்குக் காரணம் கிழிசல் இல்லை. காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் சிக்னல் இல்லை, அவ்வளவுதான்.

மத்திய அரசு 2017-இல் தொடங்கிய தீக்‌ஷா செயலியில் பாடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள முடியும். இறக்கியதும் விலாசம் பிரதியாகிவிடுகிறது, அப்புறம் சிக்னல் தேவையில்லை. நான் சேலத்தில், அஸ்தம்பட்டி வீட்டில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாளைக்கு வேண்டியதை இறக்கிக்கொள்கிறேன். இறக்கி முடிந்ததும் போனை விமானப் பயன்முறையில் போட்டு, ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். ஓடினால் பிரதி என்னிடம் இருக்கிறது. சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் விலாசம்தான்.

அறிவியல் சாரும் இப்போது அதே மாதிரி பார்க்கிறார். கேள்வித் தொகுப்பை மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறார், ஆறாம் வகுப்பு முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் எங்கள் நாலு பேருக்கும் அதை பிடிஎஃப்பாக அனுப்புகிறார். அனுப்பிவிட்டு ஆசிரியர் அறையில் ஒவ்வொருவரிடமும் வந்து, "அம்புக்குறி போயிடுச்சா, பாருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார்.